ஐந்து பருவம் தாங்கிய கம்பிப் பந்தல்: எங்கள் சிறு திராட்சைத் தோட்டத்து அனுபவம்

எங்கள் குடும்ப நிலத்தில் கால் ஏக்கருக்குச் சற்று கூடுதலான ஒரு மேட்டுத் துண்டு பல வருடம் சும்மா கிடந்தது. அதில் திராட்சை வைத்துப் பார்க்கலாம் என்று அப்பாவும் நானும் இறங்கி ஐந்து பருவம் ஆகிவிட்டது. ரகம், உரம், விளைச்சல் எல்லாம் தனிக்கதை. இங்கே எழுதப்போவது கொடியைத் தாங்கி நிற்கும் பந்தலைப் பற்றி மட்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் நாற்றைத் தேர்ந்தெடுக்க மாதக்கணக்கில் விசாரிக்கிறார்கள், பந்தலை ஒரு சாயங்காலத்தில் முடிவு செய்துவிடுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் செய்தோம். ஒரு நாற்று பட்டுப்போனால் அடுத்த வருடம் வேறு நட்டுக்கொள்ளலாம். கொடி படர்ந்த பிறகு தூணைப் பிடுங்கி மாற்றுவது அவ்வளவு எளிதல்ல. அதை இருபது முறை செய்தவன் என்கிற முறையில் சொல்கிறேன்.

முதலில் அளவுகள். பத்து வரிசை, ஒவ்வொன்றும் 42 மீட்டர் நீளம், வரிசைக்கு வரிசை இரண்டரை மீட்டர். கொடிக்குக் கொடி 2 மீட்டர், தூணுக்குத் தூண் 6 மீட்டர். அதாவது இரண்டு தூண்களுக்கு நடுவே மூன்று கொடி, மொத்தம் 210 கொடி, 80 மரத்தூண். வரிசைகள் வடக்கு தெற்காக ஓடுகின்றன. காலையில் ஒரு முகத்துக்கும் மாலையில் மறு முகத்துக்கும் வெயில் கிடைக்கிறது. இரண்டரை மீட்டர் இடைவெளி கொடிக்காக வைத்ததல்ல, சின்ன டிராக்டர் போய் வருவதற்காக. கொடியில் இலைகள் சேர்ந்து சுவர் மாதிரி நிற்கும் இலைச்சுவரின் உயரம் வரிசை இடைவெளியைத் தாண்டாமல் இருந்தால் ஒரு வரிசையின் நிழல் அடுத்ததன் மேல் அதிகம் விழாது. எங்கள் இலைச்சுவர் ஒரு மீட்டர்தான், அதனால் அந்தக் கவலை இல்லை.

அப்பாவுக்குத் தலைக்கு மேல் விரியும் பந்தல்தான் ஆசை. இலை கூரையாக நிற்கும், பழம் நிழலில் தொங்கும், கடும் வெயிலில் குலை வெந்துபோகாது. உண்மையில் நல்ல முறை. ஆனால் தூணும் கம்பியும் நிறைய வேண்டும், வேலை முழுக்கக் கையைத் தூக்கியபடியே நடக்கும். அதனால் கொடியை நேராக மேல்நோக்கி ஏற்றும் சுவர் மாதிரியான பந்தலைத் தேர்ந்தெடுத்தோம். கொடியின் கைகளையும் குலைகளையும் தாங்கும் பழக்கம்பி தரையிலிருந்து 90 சென்டிமீட்டரில், அதற்கு மேலே தளிர்களை நடுவில் பிடித்து நிறுத்தும் இரண்டு ஜோடி இலைக்கம்பி, உச்சியில் 1.8 மீட்டரில் ஒரு கம்பி. ஒரு வரிசைக்கு ஆறு கம்பி, பத்து வரிசைக்கு இரண்டரை கிலோமீட்டருக்கு மேல். திட்டம் போடும்போது இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்கள். நாங்கள் போடவில்லை. பாதி வேலையில் கம்பி தீர்ந்து, கிடைத்ததை வாங்கி மீதியை முடித்தோம். அதன் விளைவைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் வருடம் பந்தல் அருமையாக இருந்தது. இரண்டாம் வருடமும் அப்படியே. அந்த இரண்டு வருடமும் பந்தலுக்கு வேலையே இல்லை என்பதுதான் காரணம். முதல் வருடம் கொடி ஒரே தண்டாகக் குச்சியைப் பிடித்து மேலே ஏறுகிறது. இரண்டாம் வருடம் பழக்கம்பியில் இரண்டு பக்கமும் கை நீட்டுகிறது. பாரம் என்று எதுவும் கிடையாது. முதல் இரண்டு வருட அனுபவத்தை வைத்து யாராவது "எங்கள் பந்தல் பிரமாதம்" என்று சொன்னால் மூன்றாம் வருடம் வரை பொறுத்திருந்து கேளுங்கள்.

மூன்றாம் வருடம் முதல் காய்ப்பு. குலைகள் நிறம் மாறத் தொடங்கிய சமயம், ஒரு ராத்திரி மழையும் காற்றும் சேர்ந்து வந்தது. காலையில் போய்ப் பார்த்தபோது எதுவும் விழுந்திருக்கவில்லை. ஏழாவது வரிசையின் பழக்கம்பி மட்டும் முந்தின நாளைவிடத் தாழ்ந்திருந்தது. முனைத் தூணுக்குப் போய்க் குனிந்து பார்த்தேன். தூணின் அடியில், வெளிப்பக்கம், மண்ணுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு பிளவு. விரலை விட்டுப் பார்த்தால் இரண்டாவது கணு வரை உள்ளே போனது. உட்பக்கம் மண் கொஞ்சம் மேடாகத் தூக்கியிருந்தது. தூண் வரிசையின் உள்பக்கமாகச் சாயத் தொடங்கிவிட்டது. அடுத்தடுத்து மற்ற முனைகளையும் பார்த்தோம். இருபதில் பதினொன்றில் அதே பிளவு.

ஏன் என்று புரிய ஒரு சின்னக் கணக்கு போதும். 6 மீட்டர் இடைவெளியில் மூன்று கொடி, கொடிக்கு ஐந்து கிலோ வைத்தால் 15 கிலோ பழம். 15 கிலோதானே என்று தோன்றும். அந்தக் கம்பி நடுவில் 5 சென்டிமீட்டர் மட்டுமே தொய்ய வேண்டும் என்றால் அதில் இருக்க வேண்டிய இழுவிசை சுமார் 225 கிலோ. 10 சென்டிமீட்டர் தொய்ய விட்டால் பாதியாகக் குறையும். விறைப்பான கம்பியில் தொங்கும் சின்ன பாரம் இப்படித்தான் பல மடங்காகப் பக்கவாட்டில் இழுக்கிறது. இதில் இலையின் எடை, மழைத்தண்ணீர், காற்று எதுவும் சேரவில்லை. நடுவில் நிற்கும் இடைத் தூண்கள் எடையை மேலிருந்து தாங்குகின்றன, அவ்வளவுதான். இழுப்பு முழுவதும் இரண்டு முனைத் தூண்களுக்குத்தான் போய்ச் சேர்கிறது. நாங்களோ முனைக்கும் நடுவுக்கும் ஒரே அளவுத் தூணைப் போட்டு, ஒரே 60 சென்டிமீட்டர் ஆழத்தில் நேராக நிறுத்தியிருந்தோம். தூணை வெளியே இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பி கூடக் கிடையாது.

அந்த வருட அறுவடை முடிந்து கவாத்தும் ஆனபிறகு இருபது முனைகளையும் மாற்றினோம். இப்போது இருப்பது 2.7 மீட்டர் நீளமுள்ள தடிமனான தூண். அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 90 சென்டிமீட்டர், மண்ணுக்குள் இருக்கிறது. ஒரு பக்க முனைகளில் தூணை வெளிப்பக்கமாகச் சாய்த்து நட்டு, உச்சியிலிருந்து வெளியே ஸ்டே கம்பி இழுத்து, அதன் மறுமுனையை ஆழமாகப் புதைத்த கான்கிரீட் கட்டையில் கட்டியிருக்கிறோம். தூண் தரையோடு செய்யும் கோணம் 60 முதல் 70 டிகிரிக்குள் இருக்கட்டும். ஸ்டே கட்டையும் கம்பியும் வரிசைக்கு வெளியே ஒன்றரை மீட்டர் இடத்தைத் தின்னும். டிராக்டர் வளைந்து திரும்புவதற்கும் அதே இடம்தான் வேண்டும். ஐந்து மீட்டர் விட்டிருந்ததால் தப்பித்தோம். ஸ்டே கம்பிகளில் பழைய வெள்ளைக் குழாய்த் துண்டைச் செருகி வைத்திருக்கிறோம். மங்கின வெளிச்சத்திலும் கண்ணுக்குத் தெரியும், கால் இடறாது.

மறுபக்கம் பாதை ஓடுவதால் வெளியே ஸ்டே போட இடமில்லை. அங்கே முனைத் தூணுக்கு உள்பக்கம் இன்னொரு கனமான தூண் நட்டு, இரண்டையும் மேலே ஒரு குறுக்குக் கட்டையால் இணைத்து, மூலைவிட்டமாக ஒரு கம்பியை முறுக்கிக் கட்டினோம். இந்த மூலைவிட்டக் கம்பி எந்தப் பக்கம் போகிறது என்பது முக்கியம். முனைத் தூணின் அடியிலிருந்து உள்தூணின் உச்சிக்குப் போக வேண்டும். வரிசைக் கம்பி முனைத் தூணின் தலையை உள்ளே இழுக்கும், குறுக்குக் கட்டை அந்தத் தள்ளலை உள்தூணின் தலைக்குக் கடத்தும், மூலைவிட்டக் கம்பி அந்தத் தலையைப் பிடித்து நிறுத்தும். முதல் வரிசையில் தலைகீழாகக் கட்டிவிட்டோம். கம்பியை இறுக்க இறுக்க மூலைவிட்டம் தொளதொளவென்று ஆனபோதுதான் தவறு தெரிந்தது. சரியாகக் கட்டினால் விரலால் சுண்டும்போது தந்தி மாதிரி ஒலிக்கும். இரண்டு பருவம் முழுப் பாரம் தாங்கிவிட்டது, பிளவு எதுவும் இதுவரை விழவில்லை.

இனி கம்பி. முன்பு சொன்ன மாதிரி கம்பி பாதியில் தீர்ந்ததால், ஆறு வரிசைக்கு அதிக இழுப்பைத் தாங்கும் ஹை டென்சைல் கம்பி, நான்கு வரிசைக்குத் துத்தநாகம் பூசிய சாதாரண ஜி.ஐ. கம்பி. இரண்டுமே இரண்டரை மில்லிமீட்டர், பார்வைக்கு ஒன்றுதான். சாதாரணக் கம்பி கையில் வளையும், முடிச்சுப் போட வசதி, அதனால் முதலில் அதுதான் பிடித்தது. ஆனால் அது பாரம் ஏறினால் நீளும், பாரம் இறங்கின பிறகும் பழைய நீளத்துக்குத் திரும்பாது. அந்த நான்கு வரிசையை வருடத்துக்கு மூன்று தடவை இறுக்கினோம். மற்ற ஆறை வருடத்துக்கு ஒரு தடவை, கவாத்து முடிந்ததும் இறுக்கினால் போதும். கடைசியில் அந்த நான்கிலும் பழக்கம்பியை மட்டும் மாற்றினோம். இலைக்கம்பிக்குச் சாதாரணக் கம்பியே போதும், அதற்குப் பாரம் குறைவு.

ஆணி அடிக்கும் விஷயத்திலும் ஒன்று. தூணில் கம்பியைப் பிடிக்கும் 'யு' ஆணியைக் கம்பி நசுங்கும்வரை அடிக்காதீர்கள். 42 மீட்டர் கம்பி 30 டிகிரி வெப்ப வேறுபாட்டில் ஒன்றரை சென்டிமீட்டர் நீண்டு சுருங்கும். கம்பி ஆணிக்குள் நகர்ந்துபோக இடம் வேண்டும். இறுக்கி அடித்த இடங்களில் துத்தநாகப் பூச்சு உரிந்து, மூன்றாவது வருடமே துருவின் செம்மண் நிறம் தெரிந்தது. ஆணியின் இரண்டு காலும் மரத்தின் ஒரே நார்க்கோட்டில் இறங்கினால் தூண் பிளக்கும். கொஞ்சம் திருப்பி அடித்தால் போதும்.

உயரம் பற்றிக் கேட்பவர்களிடம் அப்பாவைக் காட்டுவேன். முதல் இரண்டு வரிசைகளில் ஒரு படத்தைப் பார்த்து 60 சென்டிமீட்டரில் பழக்கம்பி போட்டோம். குளிர் தேசங்களில் தரையின் சூடு பழத்துக்குக் கிடைக்க அப்படித் தாழ்வாக வைப்பார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த இரண்டு வரிசைகளில் கவாத்து வெட்டும்போது அப்பா ஐந்து கொடிக்கு ஒரு தடவை நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொள்வார். 90 சென்டிமீட்டர் வரிசைகளில் பேசிக்கொண்டே முடித்துவிடுவார். மழையில் மண் தெறித்து அடிச்சாம்பல் நோய் முதலில் தலைகாட்டுவதும் அந்தத் தாழ்ந்த வரிசைகளில்தான். சொட்டுநீர்க் குழாயையும் தரையில் போட வேண்டாம். களை வெட்டும்போது நான்கு முறை அறுத்துவிட்டோம். 40 சென்டிமீட்டரில் தனிக்கம்பி இழுத்துத் தொங்கவிட்ட பிறகு அந்தத் தொல்லை போயிற்று.

நான் ரொம்ப தாமதமாகக் கற்றது, பந்தல் கொடியின் சுபாவத்துக்கு ஏற்றபடி அமைய வேண்டும் என்பது. எங்கள் இரண்டு ரகத்தில் ஒன்று தானாகவே மேல்நோக்கி வளரும். இலைக்கம்பிகளுக்குள் செருகிவிட்டால் நிற்கும். மற்றது கீழே கவிழ்ந்து தொங்கும் ரகம். மூன்று வரிசை அதுதான். வாரா வாரம் தூக்கிச் செருகுவோம், அடுத்த வாரம் மறுபடி வெளியே தொங்கும். உள்ளே இலை மேல் இலையாக அடைந்து, குலையைச் சுற்றி இருட்டாகிவிடும். அந்த இருட்டு இந்த வருடப் பழத்தை மட்டும் கெடுப்பதில்லை. அடுத்த வருடப் பூ இந்த வருட மொட்டுக்குள்ளேயே உருவாகிறது. அப்போது வெளிச்சம் படாத மொட்டு அடுத்த வருடம் சரியாகக் காய்க்காது. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் நெல்சன் ஷாலிஸ் 1960களில் கான்கார்டு திராட்சையில் உருவாக்கிய 'ஜெனீவா டபுள் கர்ட்டன்' முறையும் இந்த வெளிச்சப் பிரச்சினைக்காகத்தான். உயரத்தில் இரண்டு கம்பியில் கொடியைப் பிரித்துக் கீழே தொங்கவிடுவார்கள்.

எங்கள் வரிசைக்கு இரட்டைக் கம்பி தேவைப்படவில்லை. நான்காம் வருடம் அந்த மூன்று வரிசையிலும் தண்டை 1.8 மீட்டர் உச்சிக் கம்பி வரை ஏற்றி, கைகளை அங்கே படரவிட்டு, இலைக்கம்பிகளைக் கழற்றிவிட்டோம். கொடி அதன் விருப்பப்படி கீழே தொங்குகிறது. ஒரு பருவக் காய்ப்பு பாதியாகப் போனது, அதை மறைக்கவில்லை. ஐந்தாம் வருடம் அந்த மூன்று வரிசைக்கு ஆன கைவேலை மற்ற வரிசைகளில் பாதி கூட இல்லை. சாம்பல் நோயும் குறைந்தது, காற்று உள்ளே புகுந்து வெளியே போகிறதே. தொடக்கத்திலேயே ரகத்தைக் கேட்டுவிட்டுத் தூண் நட்டிருந்தால் மூன்று வரிசைக்கும் பன்னிரண்டு இலைக்கம்பி மிச்சம்.

நேராக ஏறும் ரகத்துக்கு ஜோடி இலைக்கம்பி அருமை, அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. அசையாமல் ஆணி அடித்துவிடாமல், கொக்கியில் மாட்டி மேலே கீழே நகர்த்தும்படி வையுங்கள். முனையில் ஒரு சின்னச் சங்கிலித் துண்டு இருந்தால் கண்ணி மாற்றி மாட்டி விறைப்பைச் சரிசெய்யலாம். தளிர் வளர வளர இரண்டு பேர் இரண்டு பக்கமும் நடந்து கம்பியைத் தூக்கி மாட்டினால் ஒரு வரிசை கால் மணி நேரத்தில் முடியும். மீட்டருக்குப் பதினைந்து தளிருக்கு மேல் விடுவதில்லை. மற்றதைத் தங்கை இளசாக இருக்கும்போதே விரலால் ஒடித்துவிடுவாள்.

வரும் பருவத்துக்கு இன்னும் நான்கு வரிசை போடப்போகிறோம், எல்லாம் உச்சிக்கம்பி முறையில். நாற்றுக்கு இன்னும் சொல்லவில்லை. முனைத் தூண் எட்டும் வந்து இறங்கிவிட்டன. அப்பா கடப்பாரையில் நுனியிலிருந்து 90 சென்டிமீட்டர் அளந்து சிவப்பு பெயின்டில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார். குழிக்குள் அந்தக் கோடு மறைகிற வரை யாரையும் தூணைத் தொட விடுவதில்லை.