படமா, புத்தகமா: ஒரு லயன் வீட்டுக் கணக்கு

கோத்தகிரிப் பக்கம் எங்கள் எஸ்டேட் லயனில் (தொழிலாளர்களுக்கான ஒட்டு வரிசை வீடுகள்) ஐந்து பெண்கள் மாதம் ஒருமுறை கூடுவோம். ஏதாவது படிப்போம், இல்லையென்றால் படம் பார்ப்போம். போன மாதம் திருநங்கைகளைப் பற்றிப் பேசலாம் என்று முடிவானது. 'சூப்பர் டீலக்ஸ்' படம் பார்ப்பதா, திருநங்கையான லிவிங் ஸ்மைல் வித்யா தன் வாழ்க்கையை எழுதிய 'நான் வித்யா' படிப்பதா? புத்தகம்தான் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன்.

படம் மோசமில்லை. 2019இல் வந்தது; ஷில்பா என்ற திருநங்கையாக நடித்த விஜய் சேதுபதிக்கு தேசிய விருது கிடைத்தது. புடவையில் வந்து நிற்கும் அப்பாவோடு மகன் ராசுக்குட்டி ஒட்டிக்கொள்வதை எத்தனை முறையும் பார்க்கலாம். ஆனால் அது ஒரு ஆணின் நடிப்பு. வித்யா எழுதியது, மொழியியலில் முதுகலை படித்தும் புனே ரயில்களில் கை நீட்டிய தன் சொந்த நாட்களை. (அதே புத்தகம் கன்னடத்தில் படமானபோதும் நடித்தது சஞ்சாரி விஜய் என்ற ஆண்தான். அவருக்கும் தேசிய விருது!)

இதெல்லாம் யாரும் சொல்வதுதான். எனக்கு முடிவைச் சொன்னது சுவர். லயனில் ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் மூன்றாவது வீட்டில் தும்முவார்கள். ஷில்பாவைப் போலீஸ்காரர் சீண்டும் காட்சி டிவியில் ஓடினால் வரிசை முழுக்கக் கேட்கும். 'ஏ' சான்றிதழ் படம் வேறு. மாமியார் ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். மூன்று மணி நேரமும் ரிமோட் கையிலேயே இருக்க வேண்டும்.

புத்தகத்துக்குச் சத்தம் கிடையாது. காலண்டர் தாளில் அட்டை போட்டுக் கொடுத்தேன். ஒருத்தி அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்துப் படித்திருக்கிறாள். திரும்பி வந்தபோது நடுப்பக்கத்திலிருந்து குருணை உதிர்ந்தது. இன்னொருத்தி அறுவை சிகிச்சைப் பகுதியைத் தாண்ட முடியாமல் நான்கு நாள் மூடி வைத்தாளாம். எல்லோரும் உட்கார்ந்து பார்க்கும்போது படத்தை நிறுத்தச் சொல்ல அவளுக்கு வாய் வந்திருக்காது.

ஒரு இடத்தில் படம்தான் ஜெயித்திருக்கும். எங்களில் மூத்த அக்கா எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். தேயிலைக் காட்டில் டீ நேரத்தில் நான் வாசித்துக் காட்டினேன்; பத்து நாளில் பாதிகூட ஆகவில்லை. அப்புறம், ஆண்கள் யாருக்கும் இன்னும் கொடுத்துப் பார்க்கவில்லை, அதனால் அவர்களுக்கு எது சரிப்படும் என்று நான் சொல்ல வரவில்லை.

அக்கா மட்டும் நேற்றும் கூடையை இறக்கி வைத்துக்கொண்டே கேட்டார்: "அந்தப் பொண்ணுக்கு அப்புறம் வேலை கெடச்சுதா இல்லையா? அத மொதல்ல படி."