வீடு விற்கும் முன் மொட்டைமாடிக்கு அக்ரிலிக் பூச்சு: போடும் காசுக்குத் தகுமா?

பழைய வீட்டைப் பார்க்க வருபவர் கூடத்துக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பார்ப்பார். சீலிங்கில் டீ சிந்தியது போல ஒரு பழுப்பு வட்டம் இருந்தால் பேரம் அங்கேயே ஆரம்பித்துவிடும். கம்பி வரை துரு ஏறியிருக்குமோ என்ற பயத்தோடுதான் அவர் விலை சொல்வார். ஒழுக்கை அடைக்க ஆகும் செலவு, அவர் அப்படிக் குறைத்துக் கேட்கும் தொகையில் ஒரு சிறு பங்குதான். அதனால் விற்பனைக்கு முந்தைய மராமத்தில் மாடுலர் கிச்சன், புது டைல்ஸ் எல்லாவற்றுக்கும் முன்னால் மொட்டைமாடி வர வேண்டும்.

இதற்குக் கடையில் அதிகம் எடுத்துக் கொடுப்பது பக்கெட்டில் வரும் அக்ரிலிக் பூச்சு. ஏசியன் பெயின்ட்ஸின் ஸ்மார்ட்கேர் டேம்ப் ப்ரூஃப், பிடிலைட்டின் டாக்டர் ஃபிக்சிட் ரூஃப்சீல் எல்லாம் இந்த ரகம். காய்ந்தபின் ரப்பர் போல இழுபடும் ஒரு தோலாகத் தளத்தில் ஒட்டிக்கொள்ளும். வெயிலில் தளம் விரிந்து இரவில் சுருங்கும்போது சிமென்ட் பூச்சு மயிரிழையாக வெடிக்கும், இது கூடவே நீண்டு கொடுக்கும். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பிவிடுவதால் கீழ் அறையில் சூடும் சற்றுக் குறையும். நல்ல பொருள்தான். ஆனால் தளம் சரியில்லாத இடத்தில் எந்த கம்பெனி பக்கெட்டும் ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது.

வாங்கும் முன் ஒழுக்கு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கறை மழைக்கு மட்டும் விரிந்தால் மாடித் தளம். வருஷம் முழுக்க ஈரமாக இருந்தால் மேல்மாடி பாத்ரூம், தண்ணீர்த் தொட்டி அல்லது குழாய். அதற்கு இந்தப் பூச்சு எதுவும் செய்யாது. கான்கிரீட் உப்பிக் கம்பி வெளியே தெரிந்தாலும் இது வேலைக்கு ஆகாது. துருவைச் சுரண்டி, கம்பிக்குத் துருத்தடுப்பு மருந்து பூசி, பாலிமர் கலந்த சிமென்ட் கலவையால் அடைத்த பிறகுதான் மாடிக்கே போக வேண்டும்.

அடுத்தது வாட்டம். 10 அடிக்கு ஓர் அங்குலத்துக்குச் சற்று மேலாவது மழைநீர்க் குழாயை நோக்கி இறக்கம் வேண்டும். தண்ணீர் நாள்கணக்கில் தேங்கும் குழியில் அக்ரிலிக் ஊறி, மெத்தென்றாகி, உரிந்து வரும். இந்த ரகத்தின் பெரிய பலவீனமே அதுதான். குழிகளைக் கலவை போட்டுச் சமன்செய்ய முடியாத வீட்டில், விலை கூடினாலும் பாலியூரிதேன் பூச்சே மேல்.

செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி மேலே தட்டை ஓடு பதித்த பழைய தளங்களில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ஓட்டு இடுக்குகள் வாய் பிளந்து, உள்ளே இருக்கும் ஜல்லி மழைத் தண்ணீரைப் பஞ்சு போலக் குடித்து வைத்திருக்கும். மேலே பளிச்சென்று வெள்ளையடித்து மூடினால், வெயிலில் அந்த ஈரம் ஆவியாகிப் பூச்சைத் தள்ளும். அப்பளம் பொரிந்தது போலக் கொப்புளம் கிளம்பும். ஒன்றைக் கீறிப் பார்த்தால் உள்ளே தண்ணீர் நிற்கும். இதைத் தவிர்க்க ஒரு சின்னச் சோதனை போதும். இரண்டடிக்கு இரண்டடி பாலிதீன் தாளை நாலு ஓரமும் டேப் ஒட்டித் தளத்தில் விட்டு, மறுநாள் எடுத்துப் பாருங்கள். அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம். வடகிழக்குப் பருவமழை முடிந்து நன்றாக வெயில் ஏறும் மார்ச் முதல் மே வரைதான் இந்த வேலைக்குத் தோதான காலம்.

தளத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பாசி, பொறுக்கு, பழைய சுண்ணாம்பு எல்லாம் போகக் கழுவிக் காயவிட வேண்டும். வெடிப்பை 'வி' வடிவில் அரை அங்குலத்துக்குள் வெட்டி, பாலிமர் கலவையால் அடைத்து, மேலே ஃபைபர் வலைத்துண்டு வைத்துப் பூச வேண்டும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையைக் கலவையால் வளைவாக உருட்டிவிட்டு, பூச்சைச் சுவரில் ஓர் அடியாவது ஏற்றுங்கள். மழைநீர்க் குழாயின் வாய்க்குள்ளும் கொஞ்சம் இறங்க வேண்டும். ஒழுக்கு மறுபடி வரும் வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது இந்த இரண்டு இடங்களைத்தான்.

முதல் கோட்டு தண்ணீர் கலந்தது. எவ்வளவு என்பது பக்கெட்டின் மேலேயே இருக்கும். அடுத்த இரண்டு கோட்டும் கெட்டியாக, ஒன்று கிழக்கு மேற்காக, மற்றது வடக்கு தெற்காக. உச்சி வெயிலில் பூசினால் மேல்தோல் மட்டும் காய்ந்து அடி பச்சையாக நிற்கும். சொரசொரப்பான தளத்தில் இரண்டு கெட்டிக் கோட்டுக்கும் சேர்த்து லிட்டருக்கு 20 சதுர அடி என்று கணக்கு வையுங்கள். 600 சதுர அடி மாடி, சுவரோரம் 100 சதுர அடி என்றால் 35 லிட்டர், அதாவது 20 லிட்டர் பக்கெட் இரண்டு. ஒரே பக்கெட்டில் முடித்துத் தருகிறேன் என்கிற பெயின்டரிடம் வேலையை விடாதீர்கள். அவர் தண்ணீரைத்தான் பூசப்போகிறார்.

ஒரு வாரம் கழித்துக் குழாய் வாயைத் துணியால் அடைத்து, ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விட்டுப் பாருங்கள். அதற்கு மேல் கட்ட வேண்டாம். 600 சதுர அடிக்கு அதுவே 1,400 லிட்டர் பாரம்.

ஒழுக்கை அடைக்காமல் சீலிங்குக்கு மட்டும் வெள்ளையடித்து விற்பது தப்பு, சட்டப்படியும் தப்பு. விற்பவருக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத பெரிய குறையைச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆவது பிரிவு. பூச்சு வாங்கிய பில்லையும், தண்ணீர் கட்டியபோது எடுத்த படத்தையும் வாங்க வருபவரிடம் காட்டுங்கள், வேலைக்கு மரியாதை கூடும்.

கீழே சீலிங் வேலையைக் கடைசியில் வையுங்கள். உப்பிய பட்டியை (பெயின்டுக்கு அடியில் பூசும் புட்டி) சுரண்டி, இரண்டு மூன்று வாரம் ஃபேன் ஓடக் காயட்டும். கறை இருந்த இடத்தில் நேராக எமல்ஷன் பெயின்ட் அடித்தால் பழுப்பு மறுபடி மேலே வந்துவிடும். அந்த இடத்துக்கு மட்டும் ஆயில் பிரைமர் ஒரு கை அடித்து, பிறகு பட்டி பார்த்து, சீலிங் முழுவதுக்கும் ஒரே நாளில் பெயின்ட் அடியுங்கள். கறைப் பக்கம் மட்டும் அடித்தால் திட்டு தனியாகத் தெரியும்.