இருநூறு ரூபாய்க்கு ஒரு சமாதானக் கூடுகை

அம்மாவின் தையல் மெஷினுக்காக எனக்கும் மதினிக்கும் மூன்று வருஷமாகப் பேச்சு கிடையாது. கோயிலில், அதாவது சர்ச்சில், ஒருவர் கையை ஒருவர் பற்றிச் சமாதானம் சொல்ல, அது கைக்குக் கை கடந்து வரும் நேரத்தில் பாட்டுப் புத்தகம் தேடுவதுபோல் குனிந்துகொள்வேன். பாளையங்கோட்டையில் ஒரு சபையார் குடும்பச் சண்டைகளைப் பற்றி ஒருநாள் கூடுகை நடத்துகிறார்கள் என்று தெரிந்ததும், மதிய சாப்பாடும் சேர்த்து 200 ரூபாய்தானே என்று போனேன்.

ஒன்பதரைக்கு ஆரம்பம் என்றார்கள், பத்தே முக்கால் ஆகிவிட்டது. மைக் வேறு கீச்சிட்டது. ஆனால் காலையில் பேசிய வயதான ஐயருக்காக (பாதிரியாரை நாங்கள் ஐயர் என்போம்) அந்த இருநூறு தகும். சண்டையின் ஆரம்பம் மதகைத் திறந்துவிடுவது போன்றது என்ற பைபிள் வசனத்தை, நீதிமொழிகள் 17:14-ஐ எடுத்தார். நான் வயற்காட்டுப் பிள்ளை. மடையில் ஒரு கை மண் பெயர்ந்தால் அப்பா எப்படி ஓடுவார் என்று பார்த்திருக்கிறேன். கொஞ்சம் தாமதித்தால் மண்வெட்டி போதாது, சாக்கு வேண்டும்.

அப்புறம் மத்தேயு 18. தப்பு செய்தவனிடம் முதலில் தனியாகப் போய்ப் பேசு. கேட்காவிட்டால் இரண்டொருவரோடு போ. அதற்கும் கேட்காவிட்டால்தான் சபைக்குச் சொல். "நம்மில் எத்தனை பேர் மூன்றாவதில் ஆரம்பிக்கிறோம்?" என்று கேட்டார். நான் சித்தி, பெரியம்மா, ஐயரம்மா என்று ஏழு பேரிடம் சொல்லியிருந்தேன். மதினியிடம்தான் சொல்லவில்லை. மத்தேயு 5:23-ஐயும் நிறுத்தி வாசிக்கச் சொன்னார். உனக்கு உன் சகோதரன்பேரில் குறை உண்டானால் என்று அங்கே இல்லை, அவனுக்கு உன்பேரில் குறை உண்டு என்று நினைவுவந்தால் என்றுதான் இருக்கிறது. இத்தனை வருஷம் படித்தும் எனக்கு அது கண்ணில் படவில்லை.

சேர்ந்து ஊழியம் செய்த அப்போஸ்தலர்கள் பவுலும் பர்னபாவும், உடன் ஊழியனான மாற்குவை முன்னிட்டுப் பிரிந்துபோனதையும் மறைக்காமல் சொன்னார். பின்னாளில் அதே மாற்குவைக் கூட்டிவரச் சொல்லிப் பவுல் எழுதினார் என்பதையும் சேர்த்தார்.

சாப்பாடு அசனச் சாப்பாடு, அதாவது சர்ச் விருந்து மாதிரி, குறையில்லை. மதியம்தான் சறுக்கல். வேறொருவர் வந்து, மேடையில் தம்பதிகளைக் கைகோர்க்க வைத்து ஜெபித்தார். குடித்துவிட்டு அடிக்கும் கணவனைப் பற்றி ஒரு பெண் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். "பொறுமையாயிரும்மா, ஜெபி" என்று முடித்துவிட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. மன்னிப்பது வேறு, அடி வாங்குவது வேறு. பெண்களுக்கான உதவி எண் 181-க்குப் போன் பண்ணு என்றாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெளியே வரும்போது அந்தப் பெண்ணைத் தேடினேன், யாரென்று தெரியவில்லை.

அடுத்த முறை நடத்தினால் போங்கள். சாப்பிட்டதும் கிளம்பிவிடுங்கள்.

மறு சனிக்கிழமை மதினி வீட்டுக்குத் தனியாகப் போனேன். கூடத்தில் ஜன்னலோரம் மெஷின், பாதி தைத்த ஜாக்கெட்டோடு. ரொம்ப நேரம் இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. பிறகு அவள்தான், "மாமி படுக்கையில கிடந்தப்ப முன்பக்கம் திறக்கிற நைட்டி ஆறு தைச்சேன், எல்லாம் இதுலதான்" என்றாள். எனக்கு அது தெரியாது. அந்த நைட்டிகளை ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன், கடையில் வாங்கியது என்றே நினைத்திருந்தேன்.

மெஷின் இன்னும் அங்கேதான் இருக்கிறது. போன வாரம் இரண்டு தலையணை உறைக்கு ஓரம் அடிக்கக் கொண்டுபோனேன்.