5 லீற்றர் பிரஷர் குக்கரும் எங்கள் வீட்டு இரவுச் சாப்பாடும்

கடைச் சாப்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பணத்தை எங்கள் வீட்டில் பிடித்து நிறுத்தியது எது என்று யாராவது கேட்டால், கடந்த பதினான்கு மாதங்களாக அடுப்பில் ஏறி இறங்கும் 5 லீற்றர் அலுமினியப் பிரஷர் குக்கரைத்தான் நான் சொல்வேன். அதற்கு நாங்கள் கொடுத்த விலை 7,500 ரூபாய். குறைகள் இல்லாத பொருள் அல்ல. இருந்தாலும் வாங்கியதில் எனக்கு முழு மனநிறைவு உண்டு.

திருகோணமலையில் வேலை முடிந்து வீடு திரும்பும் ஒருவருக்கு, சமைக்காமல் இருப்பதற்கான வழிகள் தாராளமாகவே இருக்கின்றன. அநுராதபுரச் சந்தியைக் கடக்கும்போதே கொத்துரொட்டி அடிக்கும் சத்தம் காதில் விழும். டச்பே கடற்கரைப் பக்கம் போனால் தாளித்த கடலையின் வாசம் வரும். 2022 செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. பணவீக்கம் பின்னர் தணிந்தாலும், அன்று ஏறிய சாப்பாட்டு விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. இன்று நான்கு பேருக்கு இரவுச் சாப்பாடு வாங்கினால் எங்கள் வீட்டுக் கணக்கில் 2,000 ரூபாய் போய்விடுகிறது. வாரத்தில் இரண்டு நாள், சில வாரம் மூன்று நாள், அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

குக்கர் கைகொடுத்தது கடலையில்தான். காலையில் வேலைக்குப் புறப்படுமுன் அரைக் கிலோ கொண்டைக் கடலையை ஊறப் போட்டுவிடுவேன். மாலையில் அது இரட்டிப்பாக ஊதியிருக்கும். திறந்த பானையில் அவித்தால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்று பார்க்க வேண்டும். பசியோடு வரும் பிள்ளைகளிடம் அவ்வளவு பொறுமையை எதிர்பார்க்க முடியாது, எனவே கடைக்கு ஆள் போய்விடும். குக்கரில் இருபது நிமிடம் போதும். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் ஒரு கடலையை வைத்து அமத்தினால், தோல் வழுகி, உள்ளே மா மாதிரி நசிய வேண்டும்; அதுதான் பதம். கடுகு, கறிவேப்பிலை, செத்தல் மிளகாய், வெங்காயம் போட்டுத் தாளித்து, தேங்காய்ப்பூவும் தூவி, கட்டைச் சம்பலோடும் பாணோடும் வைத்தால் நான்கு பேருக்கும் வயிறு நிறையும். எரிவாயுவையும் சேர்த்து 700 ரூபாயைத் தாண்டியதில்லை. ஒரு மாலைக்கு 1,300 ரூபாய் மிச்சம் என்றால், ஆறு மாலைகளில் குக்கரின் விலை திரும்பிவிடுகிறது. பயறு, கௌபி, மாட்டிறைச்சி ஆகியவற்றுக்கும் இதே பயன் உண்டு.

உள்ளே ஆவி அடைபட்டு அழுத்தம் கூடுவதால் நீர் 100 பாகையில் கொதிக்காமல் ஏறத்தாழ 120 பாகை வரை சூடாகிறது. வேகும் நேரம் குறைவதற்குக் காரணம் அதுவே. அழுத்தம் வந்த பிறகு பெரிய நெருப்பு தேவையில்லை என்பது எனக்கு முதலில் விளங்கவில்லை. விசில்களை எண்ணிக்கொண்டு நின்றேன். "பிள்ளை, நெருப்பைக் குறை, காஸ் சும்மா போகுது" என்று அம்மா சொன்ன பிறகுதான், முதல் விசிலோடு நெருப்பைச் சிறிதாக்கும் பழக்கம் வந்தது. 2022இல் சிலிண்டருக்காக வெயிலில் வரிசையில் நின்றவர் அவர். வீணாகும் ஆவியைப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியாது.

எல்லாவற்றுக்கும் இது ஏற்றது என்று சொல்ல மாட்டேன். நாங்கள் நாளாந்தம் சமைக்கும் மைசூர்ப் பருப்பு சாதாரணச் சட்டியிலேயே பதினைந்து நிமிடத்தில் கரைந்துவிடும். குக்கரில் போட்டால் நுரை பொங்கி ஆவித்துளையை அடைக்கும், அது ஆபத்து. பருப்பு, தானிய வகை எதுவானாலும் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. மரவள்ளிக்கிழங்கை இதில் அவிக்கவே வேண்டாம். அதிலுள்ள நச்சு ஆவியோடு வெளியேறுவதற்காகவே நம் வீடுகளில் அதைத் திறந்த பானையில் அவிக்கிறார்கள். பூட்டிய மூடிக்குள் அதற்கு வழியில்லை.

குறைகளில் முதன்மையானது, அலுமினியத்துக்கும் புளிக்கும் ஒத்துவராதது. முள்ளும் மெதுவாகட்டும் என்று சூடை மீனைப் பழப்புளி விட்டு இரண்டு மூன்று தடவை இதில் வைத்தோம். முள் மெதுவானது உண்மைதான், ஆனால் குக்கரின் உட்புறம் கறுத்து, சிறு சிறு குழிகளும் விழுந்துவிட்டன. மீன் குழம்பு மீண்டும் மண்சட்டிக்கே போய்விட்டது. கூடுதல் பணம் கொடுக்க முடிந்தவர்கள் எவர்சில்வரில் வாங்குவது நல்லது.

மற்றது மூடியின் றப்பர் வளையம். பத்தாம் மாதத்தில் அது இறுகி, ஓரத்தால் ஆவி கசியத் தொடங்கியது. வாங்கிய கடையில் கேட்டபோது வளையம் தனியாக வருவதில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். விற்கும்போது இதைச் சொல்லியிருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. பழைய வளையத்தைப் பையில் போட்டுக்கொண்டு மூன்று கடைகள் ஏறி இறங்கி, ஒரு சிறிய பாத்திரக் கடையில்தான் அளவு சரியாகக் கிடைத்தது. இரண்டாக வாங்கி வைத்திருக்கிறேன். புதிதாகக் குக்கர் வாங்குபவர்கள் அன்றே ஒன்றைச் சேர்த்து வாங்கிவிடுங்கள். வளையம் மாற்றிய மாலை கௌபி அவித்தோம். அரை மூடித் தேங்காயைத் துருவி முடித்தபோது ஆவி முழுதும் அடங்கி, மூடி இலகுவாகக் கழன்றது.