அடர்த்தியா, நியூட்ரானா, ஒலியா? எண்ணெய்க் கிணற்றில் பாறைத் துளை அளக்கும் கருவிகள்

சுங்கை சிப்புட் பக்கம் இடிந்து கிடக்கும் பழைய லயத்து வீட்டுச் செங்கல் ஒன்றை எடுங்கள். நன்றாகக் காயவைத்து எடை போடுங்கள். ஒருநாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு, மேல் ஈரத்தைத் துடைத்துவிட்டு மறுபடி போடுங்கள். 1.4 லிட்டர் கொள்ளளவுள்ள கல்லில் 280 கிராம் ஏறியிருந்தால், உள்ளே 280 மில்லி தண்ணீர் புகுந்திருக்கிறது. நுண்துளை 20 விழுக்காடு. போரோசிட்டி என்பது இவ்வளவுதான்.

தெரெங்கானு கடலுக்கடியில் 2,000 மீட்டர் ஆழத்து மணற்கல்லை ஊறப்போட வழியில்லை. கருவியை வயரில் இறக்கி, வேறு எதையோ அளந்து, அதை வைத்துத் துளையைக் கணக்குப் போட வேண்டும். அந்த ‘வேறு எதையோ’ கருவிக்குக் கருவி மாறும். ஏமாறும் இடமும் கூடவே மாறும். செரி இஸ்கண்டாருக்குப் பெட்ரோலியம் படிக்கப் போகும் நம் பிள்ளைகள் சூத்திரத்துக்கு முன்னால் இதைப் பிடித்துக்கொள்வது நல்லது.

அடர்த்திக் கருவி

சீசியம்-137 மூலத்தைச் சுமந்த பட்டை கிணற்றுச் சுவரில் ஒட்டி உரசிக்கொண்டே மேலே வரும். காமா கதிர் பாறையின் எலெக்ட்ரான்களில் மோதிச் சிதறும். பாறை கனமாக இருந்தால் இரண்டு டிடெக்டர்களுக்கும் வந்து சேர்வது குறையும். கணக்கு எளிது. அடர்த்தி (கன செ.மீ.க்கு கிராம்) மணற்கல் தாதுக்கு 2.65, துளைக்குள் நீருக்கு 1.0, லாக் (ஆழவாரியாகக் கருவி வரையும் பதிவு) காட்டுவது 2.32 என்றால், 0.33-ஐ 1.65-ஆல் வகுக்க 20 விழுக்காடு. அதே இடத்தைச் சுண்ணாம்புக்கல் என்று நினைத்து 2.71 போட்டால் 22.8 வரும். பாறை எது என்று தெரியாமல் இந்தக் கருவியை நம்பக்கூடாது.

இதன் பெரிய எதிரி கிணற்றுச் சுவர். 8½ அங்குல பிட் (துளைமுனை) வெட்டிய கிணறு அரித்துப் போய், கிணற்றின் விட்டத்தை அளக்கும் காலிப்பர் 12 அங்குலம் காட்டினால், பட்டைக்கும் பாறைக்கும் நடுவே துளையிடும் சேறு நிற்கும். கருவி சேற்றையும் சேர்த்துப் படித்துவிட்டு ‘அருமையான துளை’ என்று சொல்லும். சேற்றுக்காகக் கருவி செய்த திருத்தத்தைக் காட்டும் கோடு 0.15-ஐத் தாண்டிய இடத்தில் அந்த எண்ணைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுங்கள். அடர்த்திக் கோட்டைப் பார்க்கும் முன் காலிப்பரைப் பார்க்காதவர் லாக் படிக்கவில்லை, படம் பார்க்கிறார்.

நியூட்ரான் கருவி

அமெரீசியம்-பெரிலியம் மூலத்தில் இருந்து கிளம்பும் வேக நியூட்ரானின் ஓட்டத்தை ஹைட்ரஜன்தான் அதிகம் அடக்கும். ஆகவே இது எண்ணுவது ஹைட்ரஜனை. ஷேல் என்ற களிப்பாறையில், களிமண்ணோடு ஒட்டிய நீரையும் துளையென்றே கணக்கில் சேர்த்து, 30, 40 என்று காட்டும். வாயு இருந்தால் நேர்மாறு: ஹைட்ரஜன் நெருக்கம் குறைவு, துளையும் குறைவாகத் தெரியும். சுண்ணாம்புக்கல் அளவுகோலில் ஓடிய லாக்கை மணற்கல்லில் படிக்கும்போது சுமார் 4 புள்ளி கூட்டிக்கொள்ள வேண்டும். இதை மறப்பவர்கள் நிறைய.

இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் அடர்த்தியையே எடுப்போம். ஆனால் சேர்ந்து ஓடும்போதுதான் இவற்றுக்கு உயிர். வாயு மணலில் அடர்த்திக் கருவி சொல்லும் துளை 28-க்கு ஏறும், நியூட்ரான் சொல்வது 12-க்கு இறங்கும், கோடுகள் ஒன்றையொன்று தாண்டும். இரண்டையும் வர்க்கமாக்கி, சராசரி எடுத்து, வர்க்கமூலம் காண 21.5 வரும். ஷேலில் கோடுகள் எதிர்ப்பக்கமாக விலகும்.

தொல்லை கதிர்மூலம்தான். மலேசியாவில் 1984 அணுசக்தி உரிமச் சட்டத்தின்கீழ் உரிமம் வேண்டும். கருவி சிக்கிக்கொண்டு மீட்க முடியாமல் போனால், மேலே சிமெண்டு போட்டு மூடிவிட்டுக் கிணற்றைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டிவரும். சீசியத்தின் அரைஆயுள் 30 ஆண்டு, அமெரீசியத்துக்கு 432.

ஒலிக் கருவி

கதிர்த் தொல்லை இல்லை. அரித்த கிணற்றையும் அடர்த்திக் கருவியைவிட நன்றாகத் தாங்கும். ஒலி ஓர் அடி கடக்க எத்தனை மைக்ரோவினாடி என்பதே அளவு: மணற்கல் தாது 55.5, நீர் 189. லாக் 82 காட்டினால் 26.5-ஐ 133.5-ஆல் வகுக்க, ஏறக்குறைய அதே 20. ஆனால் இறுகாத இளம் மணலில் மிகையாகக் காட்டும். பக்கத்து ஷேல் 100-ஐத் தாண்டினால் திருத்தம் தேவை.

சுண்ணாம்புக்கல்லில் வேறு கதை. ஈப்போவைச் சுற்றியுள்ள குன்றுகளில் நீர் கரைத்த குகைகளைப் பார்த்திருப்பீர்கள். அதே கரைசல் சிறிய அளவில் சரவாக் கடலின் லுகோனியா பாறைகளிலும் குழிகளை உண்டாக்கியிருக்கிறது. ஒலி குழியைச் சுற்றிக் கெட்டிப் பாறை வழியே ஓடிவிடும். குழி கணக்கில் வராது. அடர்த்தி-நியூட்ரான் 24, ஒலி 17 என்றால் அந்த 7 பெரும்பாலும் குழிகள். ஒலியின் குறையே இங்கே தகவலாகிறது.

காந்த ஒத்ததிர்வு

காந்தப் புலத்தை வைத்துத் துளைக்குள் இருக்கும் திரவத்தின் ஹைட்ரஜனை மட்டும் படிப்பதால் பாறை வகை பற்றிக் கவலையில்லை. ஒட்டிய நீர் எவ்வளவு, ஓடும் நீர் எவ்வளவு என்றும் பிரித்துச் சொல்லும். ஹைட்ரஜனின் சமிக்ஞை தணிய எடுக்கும் நேரத்தை வைத்துப் பிரிக்கிறது; வழக்கமான எல்லை மணற்கல்லில் 33 மில்லிவினாடி, சுண்ணாம்பில் 92. மெதுவாக இழுக்க வேண்டும், செலவும் கூடுதல். சுத்தமான மணலுக்கு வீண். ஷேல் கலந்த மணலுக்குக் கொடுக்கலாம்.

மலாய் படுகையில் இன்னொரு பொறி உண்டு: நிலக்கரி. அடர்த்தி இறங்கும், நியூட்ரான் ஏறும், ஒலி நேரம் நீளும். மூன்றும் ஒரே குரலில் ‘துளை’ என்று சாட்சி சொல்லும். இயற்கைக் காமா கதிர் குறைவு, மின்தடை அதிகம் என்பதால் எண்ணெய் மணல் மாதிரியும் தெரியும். காலிப்பர் சீராக இருக்கும்போதே அடர்த்தி 1.8-க்குக் கீழே போனால் கணக்கை நிறுத்துங்கள். அந்த ஆழத்துத் துகள் தட்டில் கறுப்பாக ஏதாவது வந்ததா என்று, சேற்றோடு மேலே வரும் பாறைத் துகள்களைப் பார்க்கும் மட் லாக்கரிடம் கேளுங்கள்.