கோக்கோ பீச்சா, புதையல் கரையா: டிடெக்டரோடு எங்கே போவது?

ஃப்ளோரிடாவில் மெட்டல் டிடெக்டர் வாங்கியிருக்கிறேன் என்று சொன்னால், எல்லாரும் முதலில் கேட்பது "ஸ்பானிஷ் காசு கிடைத்ததா?" என்றுதான். கேட்பதில் நியாயம் இருக்கிறது. 1715 ஜூலை கடைசியில், ஹவானாவிலிருந்து ஸ்பெயினுக்குத் தங்கமும் வெள்ளியும் ஏற்றிப் போன கப்பல் கூட்டம் இந்தக் கரையோரம் புயலில் மாட்டி, 11 கப்பல்கள் ஒரே இரவில் நொறுங்கின. செபாஸ்டியனிலிருந்து ஃபோர்ட் பியர்ஸ் வரைக்கும் உள்ள கரைக்குப் 'புதையல் கரை' என்று பெயர் வந்தது அதனால்தான். கிப் வாக்னர் என்ற கட்டட கான்டிராக்டர் அங்கே கரையில் கிடைத்த வெள்ளிக் காசுகளைப் பின்தொடர்ந்துதான் கடலுக்குள் கப்பல்களையே கண்டுபிடித்தார்.

நான் இருப்பது ஆர்லாண்டோவில். கோக்கோ பீச் ஒரு மணி நேர கார்ப் பயணம். புதையல் கரையின் வபாஸோ, டர்ட்டில் டிரெயில் பக்கம் போக இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். வாரத்தில் ஒரு காலைப்பொழுதுதான் கையில் இருக்கிறது என்றால் எங்கே போவது? மூன்று வருடம் இரண்டு பக்கமும் நடந்தபிறகு என் பதில்: சாதாரண நாளில் கோக்கோ பீச். புயல் கரையை அறுத்துப் போட்ட மறுநாள் மட்டும் புதையல் கரை.

காரணம் மணல்தான். கோடைக்காலத்தில் அலை மெதுவாக வந்து மணலைக் கொண்டுவந்து கரையில் சேர்த்துக்கொண்டே இருக்கும். பழைய காசுகள் கிடக்கும் அடுக்கு அதற்குக் கீழே பல அடி ஆழத்துக்குப் போய்விடும். நல்ல டிடெக்டரே ஒரு காசை ஓரடி ஆழம் வரை காட்டினால் பெரிய விஷயம். ஆக வருடத்தின் பெரும்பாலான நாட்கள், 1715-இன் காசுக்கு மேலேயே நடந்தாலும் காதில் ஒரு சத்தமும் கேட்காது.

குளிர்காலத்தில் வடகிழக்குக் காற்று நான்கைந்து நாள் விடாமல் அடித்தால் நிலைமை மாறும். மணல் கடலுக்குள் இழுக்கப்பட்டு, கரையில் ஆள் உயரத்துக்குக்கூடச் செங்குத்தான வெட்டு விழும். பெரும்புயல் வந்தாலும் அப்படித்தான். 2004 செப்டம்பரில் ஃபிரான்சிஸ், ஜீன் என்ற இரண்டு புயல்கள் மூன்று வார இடைவெளியில் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் கரையேறின. 2022 நவம்பரில் நிக்கோல் என்ற புயல் வீரோ பீச் ஊருக்குக் கொஞ்சம் தெற்கே வந்தது. அந்த மாதிரி நாட்களுக்குப் பிறகு அந்த வெட்டின் அடிவாரம்தான் தேட வேண்டிய இடம். ஆனால் அதே புயலில் கரைக்கு இறங்கும் படிகள் உடைந்திருக்கும், வழியை மூடியிருப்பார்கள். கொஞ்ச நாளில் லாரி லாரியாகப் புது மணலைக் கொட்டி வெட்டை மூடியும் விடுவார்கள். கரையைக் காப்பாற்ற அது தேவைதான். நமக்குக் கிடைப்பது சில நாட்கள் மட்டுமே.

இன்னொன்று. கடலில் கிடந்த ஸ்பானிஷ் வெள்ளி, காசு மாதிரியே இருக்காது. கறுத்து, கோணல்மாணலாக, தகரத் துண்டு போலத் தெரியும். அந்தக் கரையில் கிடைக்கும் எந்தக் கறுப்புத் துண்டையும் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்க்காமல் குப்பையில் போடாதீர்கள்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். புதையல் கரையில் டிடெக்டரோடு தண்ணீருக்குள் இறங்காதீர்கள். கடலடி மாநில அரசுக்கு உரியது, அந்தக் கப்பல்களைத் தோண்டும் உரிமை நீதிமன்றம் வழியாக ஒரு நிறுவனத்திடம் இருக்கிறது. கோக்கோ பீச்சுக்கு வடக்கே உள்ள கனாவரல் தேசியக் கடற்கரைக்குள் டிடெக்டரைக் கையில் வைத்திருப்பதே குற்றம். மாநிலப் பூங்கா என்றால் முதலில் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். மணல்மேட்டில் எங்கேயும் கால் வைக்கக் கூடாது. மார்ச் 1 முதல் அக்டோபர் 31 வரை ஆமைகள் முட்டையிடும் காலம். அடையாளம் வைத்த கூடுகளை விட்டு விலகி நடங்கள், தோண்டிய குழியை உடனே மூடுங்கள். மூடாத குழியில் விழும் ஆமைக்குஞ்சு கடலைப் பார்க்காமலே செத்துப்போகும்.

கோக்கோ பீச்சில் 300 வருடச் சரித்திரம் கிடைக்காது. ஆனால் ஒவ்வொரு சனி, ஞாயிறும் கூட்டம் வந்து புதிதாகத் தொலைத்துவிட்டுப் போகிறது. என் மனைவியின் மெட்டி ஒன்று இங்கேதான், முழங்கால் தண்ணீரில் நழுவிப் போனது. டிடெக்டர் வாங்கியதே அதற்காகத்தான். ஆக இங்கே கரையைவிட முக்கியமான கேள்வி, கரையில் எந்தப் பகுதி என்பது.

காய்ந்த மணல் எல்லாருக்கும் எளிது. எந்த டிடெக்டரும் வேலை செய்யும். படிகள் இறங்கும் இடம், துண்டு விரித்துப் படுக்கும் வரிசை, வாலிபால் வலையைச் சுற்றி என்று தேடினால் சில்லறை நிச்சயம், எப்போதாவது ஒரு கம்மல். பாட்டில் மூடியும் கேன் வளையமும் அதைவிட அதிகம். விடிவதற்குள் வேறு நாலு பேர் தேடி முடித்திருப்பார்கள். பழகுவதற்கு நல்ல இடம், அவ்வளவுதான்.

என் காசை நான் ஈரமணலில்தான் கட்டுவேன். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதால், ஒற்றை அதிர்வெண்ணில் ஓடும் மலிவான டிடெக்டர் இங்கே ஓயாமல் கத்தும். பல அதிர்வெண் கருவியோ, மின்சாரத்தை விட்டுவிட்டுத் துடிப்பாக அனுப்பும் பல்ஸ் வகையோ இருந்தால்தான் நிம்மதி. அந்தச் செலவுக்குப் பலன் உண்டு, ஏனென்றால் இங்கே கடலே நமக்காகப் பொருட்களைத் தரம் பிரித்து வைக்கிறது. மணலைவிடத் தங்கம் ஏழு மடங்கு அடர்த்தியானது. அலை கலக்கக் கலக்க அது கீழே இறங்கி, சிப்பி அடுக்கு மாதிரிக் கெட்டியான ஒரு தளத்தில் போய் நிற்கும். அலுமினியத் துண்டுகளாக வந்தால் கடல் அங்கே லேசான பொருளைத்தான் போட்டிருக்கிறது, நகர்ந்துவிடுங்கள். தூண்டில்காரர்களின் ஈயக் குண்டுகள் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகக் கிடைத்தால் அங்கேயே நில்லுங்கள். ஈயம் நின்ற இடத்தில் மோதிரமும் நிற்கும். கேன் வளையமும் சின்னத் தங்க மோதிரமும் கருவியில் ஒரே மாதிரிதான் ஒலிக்கும், அதனால் அந்தப் பகுதியில் வரும் எல்லா சிக்னலையும் தோண்ட வேண்டும்.

தண்ணீருக்குள் நகைகள் அதிகம். குளிர்ந்த நீரில் விரல் சுருங்கும், சன்ஸ்கிரீன் வழுக்கும், மோதிரம் தானாகக் கழன்றுவிடும். ஆனால் நீர்புகாத கருவியும், மணலை அள்ளிச் சலிக்கும் கனமான ஸ்கூப்பும் வேண்டும். அலை தள்ளும், மணலுக்குள் திருக்கை மீன் படுத்திருக்கும். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தபடியே நடந்தால் அது விலகிப் போகும். துணைக்கு ஆள் இல்லாமல் நான் முழங்காலுக்கு மேல் போவதில்லை.

ஒருநாள் ஈயக் குண்டுகளுக்கு நடுவே, உள்பக்கம் தேதி பொறித்த ஒரு கல்யாண மோதிரம் கிடைத்தது. உயிர்காப்பாளர் கூடாரத்தில் சொல்லிவைத்தேன், இரண்டு வாரத்தில் உரியவரே போன் செய்தார். அவர் குரல் உடைந்ததைக் கேட்டபிறகு, ஸ்பானிஷ் காசு கிடைக்காத வருத்தம் எனக்கு வரவே இல்லை.

கடல் வற்றும் நேரத்தைப் பார்த்துக் கிளம்புங்கள். முழு வற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் போய், இறங்கும் தண்ணீரைத் தொடர்ந்தே நடந்தால் மற்ற நேரத்தில் மூடிக் கிடக்கும் பள்ளங்கள் தெரியும். கடலுக்குள் நீளும் மரப் பாலமான பையருக்குத் தெற்கே அப்படி ஒரு பள்ளத்தைக் குறித்து வைத்திருக்கிறேன். வரும் சனிக்கிழமை வற்றம் காலை ஏழு மணிக்கு. மெட்டி இன்னும் அங்கேதான் எங்கோ இருக்கிறது.