முதல் மைக்ரோகண்ட்ரோலருக்கு எந்த மொழி, எந்தக் கம்பைலர்?

மைக்ரோகண்ட்ரோலருக்கு, அதாவது கருவிகளை இயக்கும் ஒற்றைச் சிப் கணினிக்கு, புதிதாக நிரல் எழுத வருபவர்கள் மொழியை முதலில் தேர்ந்துவிட்டுப் பிறகு சிப்பைத் தேடுவது வழக்கம். ஆனால் எந்த மொழி ஒத்துவரும் என்பதைச் சிப்பின் நினைவகமே பெரும்பாலும் முடிவு செய்துவிடுகிறது. ஆர்டுயினோ ஊனோ ஆர்3 போர்டில் உள்ள ஏடிமெகா328பி சிப்பில் நிரலுக்கு 32 கிலோபைட் ஃபிளாஷும், மாறிகளுக்கு 2 கிலோபைட் ரேமும் உண்டு. பழைய பிக்16எஃப்84ஏ சிப்பின் ரேம் வெறும் 68 பைட்டுகள். சிப்புகளுக்கான பைத்தான் மொழியான மைக்ரோபைத்தானுக்கு ஏறத்தாழ 256 கிலோபைட் ஃபிளாஷும் 16 கிலோபைட் ரேமும் வேண்டும் என்பதால், இவ்விரண்டிலும் அதற்கு இடமில்லை.

சிப்பின் கட்டளைகளை ஒவ்வொன்றாக எழுதும் அசெம்பிளி மொழி எந்தச் சிப்பிலும் ஓடும். தொடக்கநிலையாளரின் பொறுமைதான் அதற்கு ஈடுகொடுப்பதில்லை. மேற்சொன்ன பிக் சிப்பில் ஒரு பின் (சிப்பின் இணைப்புக் கால்) உள்ளீடா வெளியீடா என்ற திசையைத் தீர்மானிக்கும் ரிஜிஸ்டர் (சிப்பினுள் உள்ள சிறு சேமிப்பிடம்) பேங்க் 1 என்ற நினைவகப் பகுதியிலும், அதே பின்னுக்கு மதிப்பை அனுப்பும் ரிஜிஸ்டர் பேங்க் 0-விலும் இருக்கின்றன. திசையை அமைத்தபின் பேங்க்கை மாற்ற மறந்தால், எல்இடிக்கு அனுப்பிய மதிப்பு திசை ரிஜிஸ்டரில் போய் விழும். நிரல் பிழையின்றி அசெம்பிள் ஆகியிருக்கும், விளக்கு மட்டும் எரியாது. நிரலைச் சிப்பின் கட்டளைகளாக மாற்றும் சி கம்பைலர் இந்தப் பேங்க் மாற்றத்தைத் தானே கவனித்துக்கொள்கிறது. ஆகவே அசெம்பிளியைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்குக் கற்பது போதும் என்பது என் கருத்து.

‘ஆர்டுயினோவா, சியா’ என்ற விவாதம் பாதி வெற்றுச் சண்டை. ஊனோ ஆர்3-க்கு ஆர்டுயினோவில் எழுதுவது சி++தான். அதை மொழிபெயர்ப்பதும் இலவசக் கம்பைலரான ஏவிஆர்-ஜிசிசிதான். வேறுபாடு ஆயத்த நிரல்களின் நூலகத்தில் இருக்கிறது: பின்னை மாற்றும் ஆர்டுயினோ செயற்கூறு சில மைக்ரோ விநாடிகள் எடுத்துக்கொள்ள, பின்களின் தொகுதியான போர்ட்டில் நேரடியாக ஒரு பிட்டை எழுதுவது 16 மெகாஹெர்ட்ஸில் 125 நானோ விநாடிகளில் முடிந்துவிடும். எல்இடியைச் சிமிட்ட இது பொருட்டல்ல.

எந்த வழியில் போனாலும் ஒரு பொறி காத்திருக்கிறது. ஏவிஆர்-ஜிசிசியில் சாதாரண முழு எண் 16 பிட்தான். அதன் உச்சம் 32,767. ஒரு நிமிடம் காத்திருக்க எண்ணி, ஆர்டுயினோவின் மில்லி விநாடித் தாமதச் செயற்கூற்றுக்குள் 60 பெருக்கல் 1000 என்று எழுதினால், விடை வழிந்து -5536 ஆகி, குறியற்ற 32 பிட் எண்ணாக மாறும்போது ஏறத்தாழ 49.7 நாள் தாமதமாகிவிடும். 60-ஐ அடுத்து ‘யூஎல்’ (UL) என்ற பின்னொட்டைச் சேர்த்தால் சரியாகும்.

வணிகக் கம்பைலர்களில் வசதிகள் ஏராளம் என்றாலும், இலவசப் பதிப்பின் வரம்பைப் பார்க்காமல் இறங்கக் கூடாது. 8051 என்ற பழைய சிப் வகைக்கான கெய்ல் சி51 கம்பைலரின் மதிப்பீட்டுப் பதிப்பில் நிரல் அளவு 2 கிலோபைட்டில் நின்றுவிடுகிறது. திரைக்கான எழுத்துருவும் சில கணக்குகளும் சேர்ந்தாலே அந்த எல்லை வந்துவிடும். 8051-ஐயே பயன்படுத்த வேண்டியவருக்கு வரம்பற்ற இலவசக் கம்பைலரான எஸ்டிசிசி இருக்கிறது. பிக் சிப்புகளுக்கான எக்ஸ்சி8 கம்பைலரின் இலவசப் பதிப்பில் நிரல் அளவுக்குத் தடை இல்லை.

சிப் இன்னும் வாங்கவில்லை என்றால் நான் சொல்வது ராஸ்பெர்ரி பை பிக்கோ. அதில் 264 கிலோபைட் ரேம் இருப்பதால் மைக்ரோபைத்தான் தாராளமாக ஓடும். கம்பைல் செய்து காத்திராமல், ஒரு வரி தட்டச்சு செய்தவுடன் சென்சாரின் மதிப்பைப் பார்க்கலாம். பயன்பாடு முடிந்த நினைவகத்தை மீட்க மைக்ரோபைத்தான் இடையிடையே நிற்பதால் துல்லிய நேரக்கணக்குக்கு ஒத்துவராதபோது, அதே போர்டில் ஆர்ம் ஜிசிசி கம்பைலர் கொண்டு சிக்கு மாறிக்கொள்ளலாம். வயரிங்கில் கைவைக்க வேண்டியதில்லை.